அண்ணிக்குத் தீவைச் சுற்றிக் காட்டிய நாள்

ரேடியோ அக்கா அன்றைக்கு வாயைக் கட்டுவது என்று முடிவு செய்திருந்தாள். விடிந்ததும் விடியாததுமாக மகனுக்கு வாக்கும் கொடுத்தாகிவிட்டது. மகன் நம்பவில்லை. தீவில் வேறு யாரைக் கேட்டிருந்தாலும் அவர்களும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. படகில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்களைத் தீவு முழுக்கச் சுற்றிக் காட்டுவதுதான் அவள் பிழைப்பு. பிழைப்பு இல்லாத நாளிலும் எதிரே வருகிறவரை நிறுத்தி, அவர் பிறந்து வளர்ந்த தெருவையே அவருக்குச் சுற்றிக் காட்டிவிடுவாள்.

"அம்மா, வர்றவங்க சுற்றுலாவுக்கு வரல," என்றான் மகன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "பொண்ணை இங்க அனுப்பலாமா வேணாமான்னு பார்க்க வர்றாங்க. எல்லாருக்கும் எடுத்து விடற கதையை அவங்ககிட்டயும் விடாதே. உள்ளதை உள்ளபடி காட்டு."

"உள்ளதைத்தான்டா காட்டப்போறேன். இல்லாததுக்கு நான் எங்க போவேன்?"

"உள்ளது எல்லாத்தையும்."

"நீ போய்ப் படகை எடு. நேரமாச்சு."

மகன் படகுக்காரன். தினமும் காலையில் தீவுக்காரர்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டு, அங்கிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வருவான். அக்கரைப் படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கிற பெண்ணுக்கும் அவனுக்கும் எப்படிப் பழக்கம் உண்டாயிற்று என்று கேட்கவே வேண்டாம். தினமும் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மா தையல்கடை வைத்துத் தனி ஆளாக நின்று வளர்த்த ஒரே மகள். அம்மா மனசார அனுப்பினால் தீவுக்கு வருகிறேன், இல்லையென்றால் நீ இந்தப் பக்கம் வந்துவிடு என்று பெண் தீர்த்துச் சொல்லிவிட்டாள். இவனும் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தான். அக்கரைத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை வேறு தயாராக இருந்தது. அந்த வேலையில் சேர்ந்தால் தீவுப் பக்கம் எப்போதாவதுதான் எட்டிப் பார்க்க முடியும்.

ரேடியோ அக்காவுக்கும் அந்த ஒரு மகன்தான். அவன் அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆக, இன்றைக்கு வருகிறவள் சரி என்று சொன்னால் வீட்டுக்கு ஒரு மருமகள் வருவாள். வேண்டாம் என்று சொன்னால் இருக்கிற மகனும் போய்விடுவான். இதில் உள்ளதை உள்ளபடி காட்ட அவளுக்கு என்ன பைத்தியமா?

படகு வந்தது. தையல்காரம்மா இறங்கினாள். ஒல்லியான உடம்பு. கண்ணாடி ஒரு கயிற்றில் கழுத்திலிருந்து தொங்கியது. சட்டைக் கழுத்தோரத்தில் ஒரு குண்டூசி, எடுக்க மறந்துபோனது, வெயிலில் மினுங்கியது. ஒரு கையில் செருப்பு, மறு கையில் மடித்த சால்வை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பலகையில் கால் வைத்தாள்.

"வாங்க அண்ணி," என்றாள் ரேடியோ அக்கா.

"அண்ணியா? இன்னும் எதுவும் பேசி முடிக்கலையே." குரலில் கோபம் இல்லை. துணியை விரித்துப் பார்த்துவிட்டு, இதில் முழுக்கை வராது என்று சொல்கிற குரல்.

படகுத்துறைக் கொட்டகை முன்னால், எஞ்சினைத் தூக்கி மாட்டுகிற பெரிய இரும்புச் சட்டத்தில், கோயில் மணி தொங்கிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா நின்று அதைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

"கோயில் மணி இங்க எப்படி?"

"கோபுரத்துல விரிசல் அண்ணி. கொத்தனாருங்க சாரம் கட்டியிருக்காங்க. வேலை முடியற வரைக்கும் இதை இங்க கொண்டாந்து மாட்டியிருக்கு. இவ்வளவு பாரம் தாங்கறதுக்குத் தீவுலேயே இந்தச் சட்டம் ஒண்ணுதான். எங்களுக்கு இன்னும் பழகல. காலையில மணி அடிச்சா எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடறோம், சத்தம் இந்தப் பக்கத்துலேர்ந்து வருது." வாயைக் கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதோடு அதை மறந்தும் போனாள்.

தீவு மொத்தமும் ஒரே கிறிஸ்தவப் பங்கு. ஒரு கோயில், ஒரு சாமியார், ஒரு கலங்கரை விளக்கு, ஒரு டீக்கடை. தெருக்கள் எல்லாம் எங்கே தொடங்கினாலும் கடலில் போய்த்தான் முடியும். கோயில் ஒரு கரையில் இருந்தது. படகுத்துறை அதிலிருந்து குடாவைச் சுற்றிக்கொண்டு நடந்தால் வரும். நடுவில் இருப்பது படகு வந்து போகிற ஆழம்.

முதலில் கோயிலுக்குப் போனார்கள். உள்ளே கல்தரை குளுகுளுவென்று இருந்தது. சின்னச் சின்ன வண்ணக் கண்ணாடிகள் வழியாக வெயில் வந்து தரையில் நீலமும் மஞ்சளுமாகக் கிடந்தது. தையல்காரம்மா கையை நீட்டினாள். நீலம் அவள் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது. கையை அசைத்து அசைத்துப் பார்த்தாள். ரேடியோ அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்க டாக்டர் உண்டா?" என்று கேட்டாள் தையல்காரம்மா, கையைப் பார்த்தபடியே.

"டாக்டரா? இந்தக் காத்துக்கு யாருக்கும் எதுவும் வர்றதே இல்ல அண்ணி."

பீடத்தின் பக்கம் பார்த்துச் சொன்னதால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆண்டவர் ஒரு தாயின் கஷ்டத்தைப் புரிந்துகொள்வார் என்று அவளுக்கு நம்பிக்கை.

அப்புறம் கலங்கரை விளக்கு. வளைந்து வளைந்து ஏறுகிற படி. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சின்ன ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலிலும் இன்னும் கொஞ்சம் கடல். மேலே விளக்கைச் சுற்றியிருந்த பெரிய கண்ணாடிக்குள் தீவு தலைகீழாகத் தெரிந்தது. வீடுகள் கூரையில் நின்றன, மரங்கள் கீழ்நோக்கி வளர்ந்தன, அடிவானத்துக்கு மேலே ஒரு படகு மெதுவாகப் போனது. தையல்காரம்மா கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். விளக்குக்காரர் வந்து கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். ஊருக்கே விஷயம் தெரியும்.

"மழைக்காலத்துல எப்படி?" என்றாள் தையல்காரம்மா.

விளக்குக்காரர் வாயைத் திறந்தார்.

"மழை பெய்யும்," என்றாள் ரேடியோ அக்கா, முந்திக்கொண்டு. "எல்லா ஊர்லயும் பெய்யற மாதிரிதான். வாங்க, இறங்கலாம், பாறைப் பக்கம் தண்ணி வத்திடும்."

பாறை இடுக்குகளில் கடல் விட்டுப்போன தண்ணீர் கண்ணாடி போல் நின்றது. அதைப் பார்க்க ஒரே வழிதான். குப்புறப் படுக்க வேண்டும். சாமியாரே வந்தாலும் படுத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது ரேடியோ அக்காவின் சட்டம். இரண்டு அம்மாக்களும் பாறையில் குப்புறப் படுத்தார்கள். அடியில் பாசி தலைமுடி மாதிரி அலைந்தது. கட்டைவிரல் நகம் அளவு நண்டு ஒன்று வெளியே வந்து, இவர்களைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போனது. கொஞ்ச தூரத்தில் பாறையில் ஒரு ஓட்டை. அதில் காதை வைத்தால் அடியில் கடல் மூச்சு விடுவது கேட்கும். தையல்காரம்மா காதை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகம் தூங்குகிற முகமாக ஆகிவிட்டது. வலையில் விழுந்துவிட்டாள், விழுந்தேவிட்டாள் என்று ரேடியோ அக்காவுக்கு மனசு துள்ளியது.

கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிட்டார்கள். மேட்டுப் புல்லில் காலை நீட்டிக் கொஞ்சம் கிடந்தார்கள். மேகம் ஒன்று போனது, இன்னொன்று வந்தது. இந்த நேரத்தில் அவளைத் திரும்ப அழைத்துப்போயிருக்கலாம். புத்தி உள்ளவள் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் கடல் இறங்கிக்கொண்டிருந்தது, மணல்வழி தெரிய ஆரம்பித்துவிட்டது. தீவில் இருப்பதிலேயே அழகான சமாச்சாரத்தைக் காட்டாமல் அனுப்ப ரேடியோ அக்காவுக்கு ஆசை விடவில்லை.

கோயிலின் பின்படியிலிருந்து நேர்கோடாக, கடலுக்கு நடுவே, ஒரு மணல்வழி எழும். கடல் வற்றும்போது மட்டும்தான் அது உண்டு. அதன் மறுமுனையில் குட்டித்தீவு. அங்கே மனுஷர் யாரும் இல்லை, வெறும் பறவைகள்தான். இரண்டு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கடல் விலகி நிற்க, நடுவில் நடந்தார்கள். மணல் கெட்டியாக, வரிவரியாக இருந்தது. தையல்காரம்மா முதல்முறையாகச் சிரித்தாள்.

குட்டித்தீவில் பறவைகள் இவர்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. முட்டைமேல் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தது. தையல்காரம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு தாய்ப்பறவை இறக்கையைக் கோதுவதைப் பார்த்தாள்.

"எம் பொண்ணுக்கு இது ரொம்பப் பிடிக்கும்," என்றாள், மெதுவாக.

இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ரேடியோ அக்கா அவளைக் கிளப்பாமல் விட்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

முதலில் பறவைகள் சத்தத்தை நிறுத்தின. திரும்பிப் பார்த்தால் கலங்கரை விளக்கைக் காணோம். அப்புறம் கோயில் கோபுரத்தைக் காணோம். வெள்ளையாக, சத்தமே இல்லாமல், பனிமூட்டம் கடலிலிருந்து ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. நீட்டிய கையின் விரல் தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணி, கிளம்பலாம்," என்றாள் ரேடியோ அக்கா, ஒன்றுமே நடக்காத மாதிரி. கடல் திரும்ப ஏறுவதற்குள் மணல்வழியைக் கடந்தாக வேண்டும். அதை மட்டும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. ஒரு அடி, ஒரு இடைவெளி, மறுபடி ஒரு அடி.

"கேட்குதா? இங்க பனி இறங்கினா, யார் கிட்டக்க இருக்காங்களோ அவங்க ஓடிப்போய் மணி அடிப்பாங்க. வெளியில மாட்டினவங்க யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மணிச் சத்தத்தை மூக்குக்கு நேரா வெச்சுக்கிட்டு நடந்தா, கோயில் படியில கொண்டுபோய் விட்டுடும். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவோம்."

நடந்தார்கள். ரேடியோ அக்கா முன்னால், தையல்காரம்மா அவள் தோளைப் பிடித்தபடி பின்னால். எது மணல், எது வானம் என்று சொல்ல முடியவில்லை. வெள்ளைக்குள் வெள்ளையாக நடந்தார்கள். மணி அடிக்கும், அந்தச் சத்தம் பனியில் கரையும், கரைந்து முடிவதற்குள் அடுத்தது வரும். காலடியில் மணல் குளிர்ந்தது. நடக்கிறோமா, நின்றுகொண்டே இருக்கிறோமா என்றுகூடத் தெரியாத ஒரு சுகம். தூக்கத்தில் நடப்பது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று ரேடியோ அக்கா நினைத்தாள். பாதத்தில் தண்ணீர் பட்டது. மணல்வழியில் அங்கங்கே குழி இருக்கும், அதுதான் என்று எடுத்துக்கொண்டாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. இதுவும் குழிதான். ஆடுசதைக்கு ஏறியது.

"ஒண்ணு கேட்கலாமா?" என்றாள் தையல்காரம்மா பின்னாலிருந்து.

"பேசக் கூடாதுன்னு சொன்னேனே."

"இல்ல, காலையில அந்த மணியை நாம படகுத்துறையிலதானே பார்த்தோம்?"

ரேடியோ நின்றது.

அவளுக்கு உச்சந்தலையில் யாரோ குளிர்ந்த கையை வைத்தது போல் இருந்தது. படகுத்துறையில். ஆமாம். காலையில் அவளே வாய் கிழியச் சொன்னாள். அவள் வாய்க்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் மணி என்றால் கோயில், கோயில் என்றால் மணி. கால் அதுபாட்டுக்கு மணியைப் பார்த்து நடந்து, மணல்வழியை விட்டு விலகி, வேறு திசையில் இறங்கிவிட்டது. முன்னால் இருப்பது படகு போகிற ஆழம். இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் அடியில் மணலே இருந்திருக்காது. மணி அடிக்கிறவனுக்கும் இது தோன்றவில்லை. வேறு யார், அவள் மகன்தான் அடித்துக்கொண்டிருப்பான். அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று கை வலிக்க வலிக்க ஆழத்துக்குள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

"அண்ணி," என்றாள். "நான் உங்களைத் தப்பா கூட்டிட்டு வந்துட்டேன். தண்ணி வேற ஏறுது. மன்னிச்சிடுங்க."

தையல்காரம்மாவின் விரல்கள் தோளில் இறுகின. அப்புறம் கேட்டாள்: "திரும்பி எப்படிப் போகணும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

ரேடியோ அக்கா கண்ணை மூடி யோசித்தாள். மணிக்கு முதுகைக் காட்டித் தண்ணீர் வடிகிற வரைக்கும் நடக்க வேண்டும். கெட்டி மணல் வந்ததும் திரும்ப வேண்டும். கோயிலைப் பார்த்து நடந்தால் படகுத்துறை வலது பக்கம். ஆகவே மணி வலது காதில் கேட்க வேண்டும். அண்ணியிடமும் அப்படியே சொன்னாள். கணக்கு சரிதான். ஆனால் முதுகைக் காட்டி நடக்க ஆரம்பித்ததும், அடுத்த மணி அடித்தபோது, அவள் கால் தானாக வளைந்து மணிப் பக்கம் திரும்பியது. நேராக்கினாள். மறுபடி திரும்பியது. அழுகை வந்துவிட்டது.

"என்னால முடியலங்க. மணி அடிச்சா என் கால் எம் பேச்சைக் கேட்க மாட்டேங்குது."

"அப்ப நீங்க மணியைக் கேட்காதீங்க," என்றாள் தையல்காரம்மா. "ரெண்டு காதுலயும் விரலை வெச்சு அடைங்க. நான் கேட்டுக்கிட்டு முன்னால போறேன்."

சால்வையின் ஒரு முனையை ரேடியோ அக்காவின் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். அவள் போட்ட முடிச்சு அவிழாது என்று ரேடியோ அக்காவுக்குத் தெரிந்தது, ஏனென்று தெரியவில்லை.

விரலைக் காதில் வைத்து அழுத்தினாள். உலகம் அணைந்தது. மணி இல்லை, கடல் இல்லை. தன் மூச்சும் தலைக்குள் ரத்தம் ஓடுகிற சத்தமும்தான். முன்னால் வெள்ளைக்குள் ஒரு முதுகு. சால்வை இழுத்த பக்கம் அவள் போனாள். யார் பின்னாலாவது அவள் நடந்து எத்தனை காலம் ஆயிற்று. பயம் இருந்தது, ஆனால் அது வேறு யாருக்கோ வந்த பயம் மாதிரி தள்ளி நின்றது. தண்ணீர் ஆடுசதையிலிருந்து இறங்கியது. கணுக்காலுக்கு வந்தது. பாதத்தில் கெட்டி மணல் பட்டது. முதுகு நின்றது, கொஞ்சம் திரும்பியது, மறுபடி நடந்தது.

காது அடைத்திருந்ததால் தன் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலத் தலைக்குள் கேட்டது. அந்த வேறு யாரோ பேச ஆரம்பித்துவிட்டாள்.

"டாக்டர் இங்க இல்லைங்க. காய்ச்சல்னா படகுலதான் கொண்டுபோகணும். காத்து அடிச்சா படகும் வராது. என் வீட்டுக்காரர் அப்படித்தான் போனார், படகுக்குக் காத்துக்கிட்டே. மழைக்காலத்துல ஜன்னலைத் திறக்க முடியாது. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து செவுத்தைப் பார்த்துட்டு இருக்கணும். நான் கல்யாணமாகி வந்த புதுசுல தினமும் அழுதேன். எங்க மாமியார் பார்ப்பாங்க, பார்த்துட்டுப் போயிடுவாங்க. பேச ஆள் இல்லாமத்தான் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் பேசிப் பேசி இப்படி ஆயிட்டேன். காலையிலேர்ந்து உங்களை அழகா இருக்கிற இடமா பார்த்து ஓட்டிட்டே இருக்கேன். எம் பையன் போயிடுவானேங்கிற பயம்தான். உங்க பொண்ணு வந்தா அவன் இருப்பான். அதுக்குத்தான். உங்க பொண்ணுக்காக இல்ல, எனக்காக."

பேசப் பேச நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. முன்னால் போகிறவளும் ஏதோ பேசிக்கொண்டுதான் போகிறாள் என்று அப்புறம்தான் கவனித்தாள். தலை அசைந்தது. ஒரு கை எழுந்து கண்ணைத் துடைத்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்க ரேடியோ அக்காவுக்கு ஆசையாக இருந்தது. காதிலிருந்து விரலை எடுக்கவில்லை. எடுத்தால் மணி கேட்கும், கால் திரும்பும்.

சால்வை தொய்ந்தது. கால்விரல் ஒரு கல்லில் இடித்தது. கோயில் பின்படி. பாசி பிடித்த அந்தப் படியை அவள் குனிந்து இரண்டு கையாலும் தொட்டாள். மணிச் சத்தம் வலது பக்கமிருந்து, தூரத்திலிருந்து வந்தது.

பனிக்குள் யாரோ ஓடி வந்தார்கள். மகன். கரையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்திருக்கிறான், பேச மூச்சில்லை. "அடிச்சுக்கிட்டே இருந்தேன்... அப்பதான் உறைச்சுது, மணி படகுத்துறையில இருக்கேன்னு... நிறுத்தினா அதைவிட மோசமாயிடுமோன்னு டீக்கடைக்காரர் கையில கயித்தைக் கொடுத்துட்டு..." அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பெரிய ஆள், தோள் குலுங்க அழுதான்.

தையல்காரம்மா முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வழியில என்னவோ சொல்லிட்டே வந்தீங்க," என்றாள் ரேடியோ அக்கா. "எனக்கு ஒண்ணும் விழல."

"நீங்க சொன்னதையேதான் நானும் சொல்லிட்டு வந்தேன் அண்ணி." சால்வையைப் பிழிந்தாள். "எதைக் காட்டினாலும் வேணாம்னு சொல்லிடறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் படகுல ஏறினேன். அவ போயிட்டா ராத்திரி மெஷினை நிறுத்தினப்புறம் வீட்டுல சத்தமே இருக்காது. அந்த பயம்தான். விளக்கு மேல நின்னப்ப எனக்குக் கஷ்டமாயிடுச்சு, இவ்வளவு அழகா இருக்கேன்னு." நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். "நான் அனுப்பறேன். அவ இங்கயே வரட்டும்."

காலையிலிருந்து, ஏன், பல நாளாக எதைக் கேட்க ரேடியோ அக்கா தவித்தாளோ, அது இதோ வந்துவிட்டது. படி ஈரமாக இருந்தது. மகன் இன்னும் அவள் கையை விடவில்லை. அந்தக் கை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்தாள். கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை கன்றிப்போயிருந்தது.

"வேணாம்," என்றாள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"இவன் அங்க வரட்டும். நான் எதிர்ல வர்றவங்களை நிறுத்தி வெச்சுப் பேசிடுவேன், எனக்குப் பொழுது போயிடும். உங்களால அது முடியாது. நீங்க பேசற ஆள் இல்ல." மகனின் கன்றிய உள்ளங்கையைத் தடவினாள். "எனக்கு வலிக்காதுன்னு சொல்லல. வலிக்கும். ரொம்ப வலிக்கும்."

"அம்மா," என்றான் மகன்.

"நீ பேசாதே. மணி அடிச்ச லட்சணத்துக்கு நீ வேற."

"அது எப்படிங்க," என்றாள் தையல்காரம்மா. "நான் அனுப்பறேன்னு சொல்லியாச்சு."

"நான் வேணாம்னு சொல்லியாச்சு."

சண்டை போலத்தான் இருந்தது. தண்ணீர் அடுத்த படிக்கு ஏறி வந்தது. மகன் இரண்டு அம்மாக்களையும் ஆளுக்கொரு கையில் பிடித்து மேலே ஏற்றினான். கடைசியில் தையல்காரம்மாதான் விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்துவிட்டு, கோயில் சுவரில் சாய்ந்து, முகத்தைச் சால்வையில் மூடிக்கொண்டு, வெகுநேரம் அப்படியே நின்றாள்.

சாயங்காலம் பனி மெல்ல விலகியது. மகன் படகை எடுத்தான். தையல்காரம்மா ஏறியதும் ரேடியோ அக்காவும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே என்று மகன் கேட்கவில்லை. எஞ்சினைக் கிளப்பினான். தீவு பின்னால் போயிற்று, முதலில் கொட்டகை, அப்புறம் வீடுகள். ரேடியோ அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஈரப் பாவாடையை முழங்காலைச் சுற்றி இழுத்து விட்டுக்கொண்டாள்.

"உங்க ஊர்ல பார்க்கறதுக்கு என்னங்க இருக்கு அண்ணி?" என்று கேட்டாள்.

தையல்காரம்மா யோசித்தாள். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"பெருசா ஒண்ணும் இல்லையே. ஒரு மார்க்கெட் இருக்கு. ஒரு பாலம் இருக்கு, அதுல ரயில் போகும். எங்க கடைக்கு எதிர்ல ஒரு சின்னப் பூங்கா. சாயங்காலம் கடையை மூடினா அங்க போய்க் கொஞ்ச நேரம் உட்காருவேன். ரெண்டு பெஞ்ச் இருந்துச்சு, ஒண்ணு உடைஞ்சு போச்சு."

"இருக்கிற ஒண்ணு போதும்," என்றாள் ரேடியோ அக்கா. "நீங்க கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தா ரெண்டு பேர் உட்காரலாம்."